புது ஏ.டி.வி.யின் முதல் 25 மணி நேரம்

புது வண்டி வாங்கியவர்களுக்கு ஊரே சேர்ந்து சொல்லும் புத்தி ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டுங்க." டவுனுக்குப் போய்வரும் பைக்குக்கு அது ஓரளவு பொருந்தும். தோப்பிலும் கொல்லையிலும் உழைக்கப்போகும் ஏ.டி.வி.க்கு (ATV, மேடு பள்ளத்தில் ஓடும் தடித்த டயர் நாலு சக்கர வண்டி) அதை மட்டும் நம்பினால் போதாது. முதல் நாளே முறுக்கினாலும் இன்ஜின் கெடும், ஒரே சீராக நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருந்தாலும் கெடும். வேகத்தை ஏற்றி இறக்கி, இன்ஜினுக்குக் கொஞ்சம் சுமை கொடுத்து விடுவித்து, சூடாக்கி ஆறவிட்டு ஓட்டிப் பழக்க வேண்டும். அதை இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணில், இந்த வெயிலில், இந்தப் புழுதியில் எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜின் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் சந்தூர் பக்கம் மாமனார் வீட்டு மாந்தோப்பு கைக்கு வந்தது. தோதாபுரிதான் அதிகம், வரப்போரமாகக் கொஞ்சம் செந்தூரா, நீலம். மருந்தடிக்கவும், மாங்காய் கிரேட் (பெட்டி) ஏற்றவும், கரட்டு மேலே இருக்கிற துண்டு நிலத்துக்குப் போய்வரவும் ஏ.டி.வி. வாங்கினோம். அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் வாங்கினாலும் என் கொழுந்தனுக்கு போன் வரும், அவன் போனை என்னிடம் நீட்டுவான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

இன்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறது

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் கல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் சாய்வான கட்டங்களாகத் தெரியும். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். புது இன்ஜினில் கீறல்களின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முகமும் இன்னும் சுவரோடு பொருந்தியிருக்காது. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்து, இடைவெளியில்லாமல் சேர வேண்டும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை. மேலே பெட்ரோல் எரியும்போது வரும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. சுமையே கொடுக்காமல் ஓட்டினால் அந்த அழுத்தம் குறைவு. ரிங் அரைகுறையாக உரசும். சுவரில் ஆயில் கருகிப் பளபளப்பான படலமாகப் படிந்துவிடும். மெக்கானிக்குகள் இதை 'கிளேஸ்' என்பார்கள். அப்படி ஆன சிலிண்டர் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். இன்ஜின் தலையைக் கழற்றி, மறுபடி ஹோனிங் போட்டு, ரிங் மாற்றினால்தான் சரியாகும்.

அதிகம் முறுக்கினால் வருவது வேறு வகைத் தொல்லை. இன்னும் பொருந்தாத இடங்கள் உரசி ஒரே இடத்தில் சூடு ஏறும், பிஸ்டன் விரியும், ஆயில் படலம் கிழியும், சுவரில் கோடு விழும். முற்றினால் ஜாம்.

இப்போது வரும் இன்ஜின்களில் பழைய காலத்தைவிட உலோகத்தைக் கடையும் வேலை ரொம்ப நுணுக்கம். அதனால் "பழக்கவே தேவையில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. கம்பெனிக்காரனே கையேட்டில் மணிக்கணக்குப் போட்டு எழுதும்போது நாம் ஏன் வம்புக்குப் போக வேண்டும்? வாரண்டி கேட்டுப் போகிற அன்றைக்கு அந்தக் கையேட்டைத்தான் பிரிப்பார்கள்.

சாவி போடுவதற்கு முன்னால்

ஷோரூமில் எல்லாம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று இருக்காதீர்கள். இந்த வண்டிகள் பெரும்பாலும் பெட்டியில் வந்து, சக்கரமும் ஹேண்டில்பாரும் இங்கே பூட்டப்படுபவை. எங்கள் வண்டி வந்த அன்றைக்கே ஒரு முன்சக்கரத்தில் இரண்டு நட்டு கையால் திருகுமளவுக்குத்தான் இருந்தன. எனவே முதலில் ஒரு ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். சக்கர நட்டுகள், ஹேண்டில்பார் கிளாம்ப், ரேக் போல்ட்கள், பிரேக் காலிப்பர்.

அடுத்தது ஆயில். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், களத்துமேட்டுச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஆயில் குச்சியைத் துடைத்துத் திரும்ப வைக்கும்போது, சில மாடலில் அதைத் திருகி இறுக்கிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகாமல் துவாரத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கணிசமான வித்தியாசம் வரும். கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவது அளவுக்குத் தப்புதான். மிஞ்சின ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

ரேடியேட்டர் இருக்கும் மாடலாக இருந்தால் கூலன்ட் டப்பாவின் கோட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம்ம பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு ஃப்ளோரைடைவிட உப்பும் சுண்ணாம்பும்தான் எதிரி. டீ போடுகிற பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை, மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள்ளும் படியும். கலந்தே வரும் கூலன்ட் ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இனி டயர். இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏ.டி.வி. டயருக்குக் காற்று ரொம்பக் குறைவு. பல மாடல்களில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.தான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மட்கார்டிலோ வண்டியின் ஃபிரேமிலோ ஸ்டிக்கர் இருக்கும். பங்க்சர் கடைக்குக் கொண்டுபோனால் பையன் பழக்க தோஷத்தில் காருக்கு அடிப்பதுபோல 30 அடித்துவிடுவான். அவ்வளவு காற்றோடு ஓட்டினால் வண்டி கல்லுக்குக் கல் எகிறும், திருப்பத்தில் கவிழப் பார்க்கும். கடையில் இருக்கும் கேஜில் 5-க்கும் 8-க்கும் வித்தியாசமே தெரியாது. குறைந்த அழுத்தம் அளக்கும் கேஜ் தனியாக விற்கிறது. அதையும் ஒரு கால் பம்பையும் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அளக்க வேண்டும், இடமும் வலமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பல ஏ.டி.வி. கையேடுகளில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. வாங்கும்போதே விற்பவரிடம் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் டேங்கில் பெட்ரோலை மாசக்கணக்கில் தேங்க விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பூஜை போடுவார்கள். போடட்டும். நாங்களும் கிருஷ்ணகிரி காட்டு வீர ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கும்போது, கூட்டத்தின் உற்சாகத்தில் 'விர்ர்' என்று முறுக்க வேண்டாம், அவ்வளவுதான். குளிர்ந்த புது இன்ஜினுக்கு வாழ்நாளிலேயே மோசமான நொடி அதுவாக இருந்துவிடக் கூடாது.

எங்கே ஓட்டுவது

பெரும்பாலான ஏ.டி.வி.களை ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்ய முடியாது. டிராக்டர் வகையில் பதிவாகும் மாடல் ஒன்றிரண்டு உண்டு. உங்களுடையது அதில்லை என்றால் தார் ரோட்டில் இறக்கக் கூடாது. எங்கள் வண்டி குட்டி யானையில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தது. சட்டத்தை விடுங்கள், வண்டிக்கே தார் ரோடு ஆகாது. பல மாடல்களில் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். மண்ணில் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் திருப்பும்போது ஆக்ஸிலும் டயரும் முறுக்கிக்கொள்ளும். நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு தாரில் போவது இன்னும் மோசம்.

காட்டுப் பாதையும் வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டை விட்டு இறங்கினால் காப்புக்காடுதான். அனுமதியில்லாமல் வண்டியோடு உள்ளே போனால் வனத்துறை வழக்கு நிச்சயம். பனிக்காலத்தில் யானை நடமாட்டம் வேறு.

சொந்த நிலமே போதும். சமமான ஒரு நீளம், லேசான ஒரு ஏற்றம், வளைந்து போக மரவரிசை. கொஞ்சம் மேடும் பள்ளமுமாக இருக்கிற நிலம் இதற்கு ரொம்ப நல்லது. இன்ஜின் தானாகவே சுமையை ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

முதல் 10 மணி நேரம்

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு மணிக்கணக்கு புதிதில்லை. ஏ.டி.வி.யிலும் மீட்டரில் கிலோமீட்டரோடு மணியும் ஓடும். பழக்கும் காலத்தை மணியில்தான் எண்ண வேண்டும். தோப்புக்குள் ஒரு மணி நேரத்தில் எட்டு கிலோமீட்டர்கூடப் போகாது. இன்ஜின் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

எத்தனை மணி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யமஹா கையேடுகளில் முதல் 10 மணி நேரம் பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் தொடர்ந்து போகாதே, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து பத்து நிமிஷம் ஆறவிடு என்றிருக்கும். 10-லிருந்து 20 மணி வரை முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேல் நீண்ட நேரம் வேண்டாம் என்பார்கள். வேறு சில கம்பெனிகளில் 25 மணி. உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வேதம். நான் கீழே சொல்வது அந்த எல்லைக்குள் எப்படி நடந்துகொள்வது என்பது.

ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஷெட்டில் நிறுத்தி அரை மணி நேரம் 'சூடாகட்டும்' என்று விடுகிறவர்கள் மேலே சொன்ன கிளேஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் கீழே குனிந்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். புது சைலன்சரிலிருந்து லேசாகப் புகையும் பெயின்ட் கருகும் வாசனையும் வரும். அது ஓரிரு ஓட்டத்தில் போய்விடும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் கிளம்புங்கள். கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை மெதுவாகப் பாதிக்குக் கீழே வரை அழுத்தி வேகம் எடுங்கள், நாலைந்து நொடி பிடியுங்கள், விடுங்கள், வண்டி தானாகத் தணியட்டும். மறுபடி அழுத்துங்கள். ஏற்றம் வந்தால் அதே மாதிரி நிதானமாக ஏறுங்கள். விரல் ஒரே இடத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றுவிட்டது என்று தெரிந்தால் மாற்றுங்கள். அழுத்தும்போது ரிங் சுவரில் அழுந்தித் தேய்கிறது. விடும்போது அழுத்தம் குறைந்து, சூடு தணிந்து, ஆயில் அந்த இடத்தைக் கழுவுகிறது. அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளாதீர்கள். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கி நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்தில் கேள்விப்படாதவர் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு, லோ கியரில், இன்ஜின் பிடிமானத்தோடு இறங்குங்கள். உங்களுக்கும் பத்திரம், இன்ஜினுக்கும் பழக்கம்.

முதல் சில ஓட்டங்களைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு, இன்ஜினைக் கை வைத்தால் சுடாத அளவுக்கு முழுசாக ஆறவிடுங்கள். உலோகம் சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, தன் இடத்தில் உட்காரும். கேஸ்கட்டும் போல்ட்டும்கூட இந்தச் சமயத்தில்தான் படியும். அதனால் ஆறின பிறகு ஒருமுறை போல்ட்களைத் தொட்டுப் பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் பொட்டு விழுந்திருந்தால் என்ன நிறம் என்று பாருங்கள். பழுப்பு என்றால் ஆயில், பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட்.

இதே நேரத்தில் பெல்ட்டும் பிரேக்கும் பழக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கியர் பெட்டிக்கு முன்னால் ரப்பர் பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது, ஸ்கூட்டியில் இருப்பதுபோல. புது பெல்ட்டின் மேல் வழவழப்பு போய்க் கப்பியில் சரியாகப் பதியும்வரை நின்ற இடத்திலிருந்து வெடுக்கென்று இழுத்தால் வழுக்கும், ஒரே இடத்தில் கருகும். ரப்பர் தீய்ந்த வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சுமையோடு மெதுவாகப் போக வேண்டியிருந்தால் லோ கியர் போடுங்கள். ஹை கியரில் தடவித் தடவி ஏறுவதுதான் பெல்ட்டைத் தின்கிறது. பிரேக்குக்கு, ஆள் இல்லாத நீளத்தில் மிதமான வேகத்திலிருந்து நிதானமாகப் பலமுறை பிடித்து விடுங்கள், இடையில் ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியும்.

மருந்தடிப்புக்கு ஏன் உடனே இறக்கக் கூடாது

வாங்கின மறுநாளே பின்ரேக்கில் மருந்து டேங்கை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். தத்துப்பூச்சி பூவை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்தடிப்பு என்றால் வரிசை வரிசையாக ஒரே வேகம். வேகம் மாறினால் மருந்து சீராக விழாது. அதாவது புது இன்ஜினுக்கு எது கூடாதோ அதையே மணிக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். ஆள் நடக்கிற வேகம் என்பதால் ரேடியேட்டரில் காற்றும் அடிக்காது. டேங்கில் 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அதுவும் அலைந்துகொண்டே இருக்கும் 100 கிலோ. பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் இப்படித்தான் முதல் வாரமே இறக்கினார். இப்போது பெட்ரோலுக்கு வாங்குகிற கேனுக்குப் பக்கத்திலேயே ஆயிலுக்கும் ஒரு கேன் வைத்திருக்கிறார்.

முதல் 10 மணிக்கு வண்டியில் ஆளைத் தவிர வேறு பாரம் வேண்டாம். அப்புறம் ஒரு கிரேட், இரண்டு கிரேட். டிரெய்லர் முதல் சர்வீஸுக்குப் பிறகுதான். கட்டாயம் மருந்தடித்தே ஆக வேண்டும் என்றால் டேங்கைக் கால் பங்கு நிரப்பி, லோ கியரில், ஒவ்வொரு வரிசை முடிவிலும் காலியான பாதையில் ஒரு சுற்று வேகம் ஏற்றி இறக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.

வாங்கும் மாதத்தையே இதற்கேற்பப் பார்த்துக்கொள்ளலாம். மாங்காய் அறுப்பு மும்முரமாக இருக்கும் மே, ஜூனில் வாங்கினால் பழக்க நேரமே கிடைக்காது, வெயிலும் புழுதியும் உச்சத்தில் இருக்கும். ஆயுத பூஜையை ஒட்டி வாங்கினால் மழை பெய்து மண் அடங்கியிருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும், தோப்பில் அவசர வேலையும் இருக்காது. மார்கழி, தையில் பூ வருவதற்குள் வண்டி வேலைக்குத் தயார்.

புழுதிதான் நிஜமான எதிரி

நம் செம்மண் தூளில் மணல் பொடியும் இருக்கிறது. அது உள்ளே போனால் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் அரைக்கும். பொருந்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அரைத்தால் பொருத்தமே கெட்டுவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைப் புது வண்டி என்று திறக்காமல் இருக்காதீர்கள். புழுதி நாளில் ஓட்டினால் அன்று மாலையே திறந்து பாருங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கம் சிவந்திருப்பது சகஜம். ஃபில்டரைத் தாண்டி, இன்ஜினுக்குப் போகும் குழாயின் வாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் எங்கேயோ கிளாம்ப் இறுகவில்லை, அல்லது ஃபில்டர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பஞ்சு ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் முழுசாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து போட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும். காகித ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் வெளியிலிருந்து அடிப்பது இங்கே எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம். தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக ஏறும், சமயத்தில் ஓட்டையும் விழும். தட்டி உதிர்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, அடைத்துப்போனால் புதிது போடுங்கள். இருவர் சேர்ந்து ஓட்டினால் முன்வண்டியின் புழுதிக்குள் போகாதீர்கள்.

காய்ந்த மாவிலையும் புல்லும் அடித்தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் சேரும். கோடையில் அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். ஓட்டி முடித்ததும் குனிந்து கையுறையோடு வாரி எடுத்துவிடுங்கள், சைலன்சர் ஆறின பிறகு.

ஊரில் புது வண்டி வந்தால் ஆளாளுக்கு "ஒரு ரவுண்டு குடு" என்பார்கள். பழக்கும் காலம் முடியும்வரை ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். என் கொழுந்தன், "அண்ணி, நான் முறுக்க மாட்டேன், சும்மா ஏரி வரைக்கும்" என்று சத்தியம் செய்தான். சத்தியம் ஏரிக்கரை திரும்புகிறவரைதான் தாங்கியது, சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. பெரிய இன்ஜின் ஏ.டி.வி. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. ஒற்றை சீட்டு வண்டியில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. ஹெல்மெட் தோப்புக்குள்ளும் வேண்டும். மாங்கிளை தலை உயரத்தில்தான் இருக்கும்.

முதல் ஆயில் மாற்றம்

பழக்கும் காலத்தில் தேய்ந்த உலோகமெல்லாம் ஆயிலில்தான் மிதக்கிறது. அதனால் 20 அல்லது 25 மணியில் கையேடு சொல்லும் முதல் சர்வீஸை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சிலர் அதற்கும் முன்னால், பத்து மணியிலேயே ஒருமுறை தனியாக மாற்றுகிறார்கள். எனக்கு அது பிடித்த பழக்கம். ஆயிலின் விலை இன்ஜின் வேலையின் கூலியில் ஒரு துளி. வாரண்டி காலத்தில் எங்கே செய்தாலும் பில்லையும் மணிக்கணக்கையும் பத்திரப்படுத்துங்கள்.

நீங்களே செய்வதாக இருந்தால் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள். குளிர்ந்த ஆயிலில் தூள் அடியிலேயே தங்கிவிடும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டிலோ வெளுத்த பிளாஸ்டிக் தட்டிலோ பிடியுங்கள். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். முதல் ஆயிலில் மிக மெல்லிய மினுமினுப்பு தெரியும், விரலால் தேய்த்தால் நெருடாது. அது தேய்மானம், எதிர்பார்த்ததுதான். போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதில் கறுத்த களிம்பு ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள். நகத்தால் எடுக்கிற அளவுக்குச் செதில், துண்டு, கம்பி இழை ஏதாவது இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸுக்கு போன் போடுங்கள். அந்த ஆயிலைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள், அவர்கள் பார்க்கட்டும்.

ஆயில் ஃபில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்குவதற்கென்றே செய்தது, புதிது போடுங்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், மரை மெல்லியது. ஒரு சர்வீஸ் கடையில் நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் 'டைட்டா' இருக்கட்டும் என்று இழுத்து, எங்கள் உறவுக்காரர் வண்டியின் மரையையே உருவிவிட்டார்கள். கையேட்டில் எவ்வளவு இறுக்கம் என்று எண் போட்டிருக்கும், டார்க் ரெஞ்சு இருந்தால் அதை வைத்து இறுக்குங்கள்.

எந்த ஆயில் என்பதில் கையேட்டைத் தாண்டாதீர்கள். கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் மாடல்களில் பாட்டிலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற முத்திரை வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கம்பெனி சொன்ன தரத்தைவிட உசத்தி என்று கடைக்காரர் வேறு எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடையிடையே ஆயில் அளவு குறைந்தால் அது ரிங் படிவதற்கு முந்தைய இயல்பு, கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். அளவு கூடினால்தான் கவலை. தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பனிக்காலத்தில், காலையில் ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி ஐந்து நிமிஷம் ஓட்டுபவர்களுக்கு இது நடக்கும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கிவிடும். குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். அந்த ஆயிலை உடனே மாற்றிவிட்டு, இனிமேல் ஒருமுறை எடுத்தால் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரையாவது ஓட்டுங்கள்.

இதே சர்வீஸில் டேப்பெட் (வால்வு) இடைவெளி, முன்பின் கியர் பெட்டி ஆயில், ஆக்ஸிலேட்டர் கேபிளின் தளர்ச்சி, ஆக்ஸில் ரப்பர் உறைகள், கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுக் கழுவிக் கொடுத்துவிடுவார்கள். சர்வீஸ் புத்தகத்தில் மணிக்கணக்கோடு சீல் வாங்குங்கள். அதற்குப் பிறகு முழு ஆக்ஸிலேட்டரைத் தொடலாம், முதலில் சில நொடிகள் மட்டும். டிரெய்லரையும் மாட்டலாம், முதல் தடவை கையேடு சொல்லும் எடையில் பாதியோடு, லோ கியரில், கரட்டு ஏற்றத்தைத் தவிர்த்து.